விரலை விட்டு விலகாத நாதம்

எடின்பரோவில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து இருபது நிமிட நடைத் தொலைவில், மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாலையில் போயிருந்தேன். வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர்; தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். தேநீர் குடித்து முடித்ததும் அவர் எழுந்து சன்னல்களைச் சாத்தினார். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை அணைத்தார். கூடத்துச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்துக் கதவை மூடினார். அதன் பிறகுதான், மேசைமேல் கிடந்த, பார்வைக்கு ஒரு நீண்ட மரப்பெட்டியைப் போலிருந்த ஒன்றின் மூடியைத் திறந்தார். "ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்போம், காது அடங்கட்டும்" என்றார்.

காது அடங்கிய பிறகு நான் கேட்டது கிளாவிகார்டின் ஒலி. ஐரோப்பாவின் தந்தி வாத்தியங்களில், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. பியானோவுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்தது. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று அன்று முதலே நினைத்திருந்தேன். எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அந்த ஒலியைக் கேட்காதவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியுமா என்ற தயக்கம்தான்.

அதற்குமுன் நான் கிளாவிகார்டைக் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. ஒலிப்பதிவுகளில் பல மணி நேரம் கேட்டிருக்கிறேன். ஒலி சிறிதாக இருந்ததால், பியானோவை எந்த அளவில் வைத்துக் கேட்பேனோ அந்த அளவுக்கு ஏற்றி வைத்தே கேட்டேன். அப்படிக் கேட்டபோது அது தகரத்தைச் சுரண்டுவது போன்ற, கொஞ்சம் முரட்டுத்தனமான வாத்தியமாகத்தான் எனக்குப் பட்டது. கட்டை இறங்கும் மரச்சத்தம் முன்னால் வந்து நின்றது. தந்தியின் நாதம் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. இவ்வளவு பேர் கொண்டாடும் வாத்தியத்தில் என்ன இருக்கிறதென்று நான் விளங்காமல் இருந்ததற்கு என் கை ஏற்றிவைத்த அந்த ஒலியளவே காரணம் என்று அன்று மாலைதான் தெரிந்தது. நேரில் அது மிகமிகச் சிறிய ஒலி. எதிரில் ஒருவர் சாதாரணமாகப் பேசினாலே மூடிப்போய்விடும். ஆனால் அந்தச் சிறுமைக்குள் ஓர் உலகம் இருக்கிறது. மெல்லியதற்கும் மிக மெல்லியதற்கும் இடையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. அடுத்த வீட்டில் வீணை வாசிப்பது இரவு நேரத்தில் நம் திண்ணைக்கு வந்து சேருமே, அந்தத் தொலைவும் அந்தத் தெளிவும் ஒருசேர இருந்தன. வாத்தியமோ என் முழங்கைக்கு அருகில் இருந்தது.

வாத்தியத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதன் ஒலியின் குணம் முழுவதும் அந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. நீள்சதுரப் பெட்டி. அவர் வீட்டில் இருந்தது நான்கடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் கொண்டது. தந்திகள் இடமிருந்து வலமாக, பெட்டியின் நீளவாக்கில் இரண்டிரண்டாக ஓடுகின்றன. வலப்புறம் மெல்லிய மரப்பலகையும் அதன்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையும், அதையும் தாண்டிச் சுருதி சேர்க்கும் ஆணிகளும் இருக்கின்றன. இடப்புறம் தந்திகளுக்கு இடையே மேலும் கீழுமாகக் கம்பளித் துணிக்கீற்று ஒன்று பின்னப்பட்டிருக்கிறது. கட்டைகள் ஒவ்வொன்றும் நடுவில் ஓர் ஊசியின்மேல் ஏற்றப்பட்ட நீண்ட மரச்சட்டம். முன்முனையை விரல் அழுத்தும்போது பின்முனை எழும்புகிறது. அந்தப் பின்முனையில் செங்குத்தாக நிற்கும் ஒரு சிறு பித்தளைத் தகடு தந்தியின் அடியில் மோதுகிறது. டேஞ்சன்ட் என்று அதற்குப் பெயர். மோதிவிட்டுத் திரும்பி வந்துவிடுவதில்லை. விரல் கட்டையின்மேல் இருக்கும்வரை அது தந்தியைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது.

தகடு தொடும் இடத்திலிருந்து குதிரைவரை உள்ள பகுதிதான் ஒலிக்கிறது. இடப்பக்கம் இருக்கும் மீதித் தந்தியைத் துணி ஊமையாக்கிவிடுகிறது. விரலை எடுத்தால் தகடு கீழிறங்கும். அப்போது துணி முழுத் தந்தியையும் அடக்கிவிடும். ஒலியைப் பிறப்பிப்பதும், அதன் சுருதியை முடிவு செய்வதும், அது எவ்வளவு நேரம் வாழ வேண்டுமென்று தீர்மானிப்பதும் அந்த ஒரே தகடுதான்.

இதை அவர் விளக்கியபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சிறு வயதில் திருச்சியில் ஐந்து ஆண்டுகள் வீணை கற்றுக்கொண்டவன் நான். வீணையில் இடக்கை விரல் மெட்டின்மேல் தந்தியை அழுத்திச் ஸ்வரத்தின் இடத்தைத் தருகிறது. வலக்கை விரல் மீட்டி ஒலியைத் தருகிறது. இரண்டு கைகளுக்கு இரண்டு வேலைகள். கிளாவிகார்டில் அந்த இரண்டு வேலைகளையும் ஒரே பித்தளைத் துண்டு செய்கிறது. அதுவே மெட்டு, அதுவே மீட்டும் விரல். வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்து அசையாமல் இருக்கும். இங்கே ஒவ்வொரு மெட்டும் தன் முறை வரும்போது எழுந்து வந்து தந்தியைத் தொட்டுவிட்டுப் போகிறது.

அது ஏன் இவ்வளவு சன்னமாக ஒலிக்கிறது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வீணைத் தந்தியை மீட்டும்போது, அதன் இரு முனைகளிலிருந்தும் தள்ளி, அது தாராளமாக ஆடக்கூடிய ஓரிடத்தில் மீட்டுகிறோம். கிளாவிகார்டின் தகடு மோதும் இடமோ, மோதிய அதே கணத்தில் தந்தியின் முனையாகிவிடுகிறது. எந்தத் தந்தியும் தன் முனையில் ஆடாது. ஆடாத இடத்தில் தட்டி ஆட்டம் கொடுப்பதால், கொடுக்கும் விசையில் மிகச் சிறு பங்குதான் ஒலியாக மாறுகிறது. பியானோவில் சுத்தி தந்தியின் உள்ளே ஓரிடத்தில் அடித்துவிட்டு உடனே விலகிவிடுகிறது. அடித்த பிறகு அந்தச் ஸ்வரம் வாசிப்பவர் விரலின் கட்டுப்பாட்டில் இல்லை. ஹார்ப்சிகார்ட் என்ற பழைய கட்டை வாத்தியத்தில் இறகுத் தண்டு தந்தியைச் சுண்டிவிட்டு நழுவிப்போகிறது. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவில் பெரிய வேறுபாடு வருவதில்லை. கிளாவிகார்டில் மட்டும்தான் விரலுக்கும் தந்திக்கும் உள்ள தொடர்பு கடைசிவரை அறுவதில்லை. அந்தத் தொடர்புக்குக் கொடுக்கும் விலைதான் அதன் சிறிய ஒலி. இந்த வாத்தியத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் ஒலிச் சிறுமையை ஒரு குறையாகச் சொல்லி, பிறகு மற்ற குணங்களால் அதற்கு ஈடு சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள்ள வழியே இல்லை.

அன்று அவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். ஒரு கட்டையை அழுத்தினேன். ஸ்வரம் சுருதி ஏறி, புளித்துப்போய் வந்தது. "பாரம் அதிகம்" என்றார். தந்தியை அடியிலிருந்து தகடு எவ்வளவு மேலே தள்ளுகிறதோ அவ்வளவு இழுவிசை கூடும், இழுவிசை கூடினால் சுருதி ஏறும். அடுத்த முறை பயந்து மெதுவாகத் தொட்டேன். இப்போது ஸ்வரமே பிறக்காமல், தகடு தந்தியில் துள்ளித் துள்ளி ஒரு நறநறப்புதான் கேட்டது. உறுதி இல்லையென்றால் நறநறப்பு. உறுதி மிஞ்சினால் அபசுரம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய வழி இருக்கிறது. கட்டை வேகமாக இறங்க வேண்டும், ஆனால் இறங்கிய பிறகு அதன்மேல் பாரம் ஏறக் கூடாது. தாங்கிப் பிடித்தபடி மட்டும் இருக்க வேண்டும். ஒலியைக் கூட்டவேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டலாம், அழுத்தத்தைக் கூட்ட முடியாது. அரை மணி நேரம் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன். இருபதுக்கு ஒருமுறை சரியாக வந்தது. வந்தபோது விரல்நுனியில் ஒரு சிறு நடுக்கம் தெரிந்தது. தந்தியின் அதிர்வு பித்தளை வழியாக, மரம் வழியாகத் தோலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

சுருதியை ஏற்றிவிடும் அந்தக் குணத்தையே கலையாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, விரலை எடுக்காமலேயே கட்டையின்மேல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கூட்டிக் குறைத்து அசைத்தால், ஸ்வரம் தன் இடத்திலிருந்து இம்மியளவு மேலே போய்ப் போய்த் திரும்பும். ஜெர்மன் மொழியில் இதற்கு 'பேபுங்' என்று பெயர். நடுக்கம் என்று பொருள். ஸ்வரத்தை அசைத்துக் காட்டும் நம் கமகங்களில் ஒன்றான கம்பிதத்துக்கு அது தூரத்து உறவு. தூரத்து உறவுதான், அதை மறைக்கக் கூடாது: வீணையில் தந்தியை இழுத்து ஒரே மெட்டில் மூன்று நான்கு ஸ்வரங்களைக்கூடக் காட்டலாம், இங்கே கிடைப்பது ஒரு ஸ்வரத்தின் ஓரத்து அசைவு மட்டுமே, அதுவும் மேல்நோக்கி மட்டுமே. ஆனாலும் கட்டை வாத்தியம் ஒன்றில் ஸ்வரம் அசையும் என்பதே எனக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. கட்டை வாத்தியத்தில் ஸ்வரம் அசையாது என்பது நம் ஊரில் வெறும் கருத்தாக நிற்கவில்லை, நடவடிக்கையாகவே ஆயிற்று. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் இசை நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியபோது, அந்த வாத்தியத்துக்கு எதிராகப் பேசியவர்கள் முன்வைத்த வாதங்களில் முதன்மையானது அதனால் கமகம் தர முடியாது என்பதுதான். அந்தச் சண்டையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, கட்டையின்மேல் கிடந்தபடி ஸ்வரத்தை அசைக்கும் ஒரு விரலைப் பார்ப்பது சாதாரண அனுபவம் அல்ல.

வாத்தியத்தின் பிறப்பு ஐரோப்பியப் பள்ளிகளில் சுருதிக் கணக்குக் கற்பிக்கப் பயன்பட்ட ஒற்றைத் தந்திக் கருவியிலிருந்து தொடங்குகிறது. ஒரு பெட்டிமேல் ஒரு தந்தியைக் கட்டி, நடுவில் குதிரையை நகர்த்தி நகர்த்தி, தந்தியின் நீளத்துக்கும் ஸ்வரத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுவார்கள். நகரும் ஒரு குதிரைக்குப் பதிலாகப் பல கட்டைகளின் முனையில் பல தகடுகளை வைத்தால் கிளாவிகார்ட் ஆகிவிடுகிறது. பெயர்கூட உடனே மாறவில்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பலரும் அதை மோனோகார்ட் என்றே எழுதினார்கள். ஸ்பெயினில் தோமாஸ் தே சாந்தா மரியா 1565இல் வெளியிட்ட வாசிப்பு நூலிலும் அது மோனகோர்டியோதான். கிளாவிகார்ட் என்ற பெயர் 1404இல் எழுதப்பட்ட ஒரு ஜெர்மன் கவிதையில் வருகிறது. 1440ஐ ஒட்டி ஹென்றி அர்னோ என்ற மருத்துவர் வரைந்த வரைபடம் ஒன்று பாரிஸில் இருக்கிறது. இத்தாலியின் உர்பினோ அரண்மனையில், 1470களில் நிற மரத்துண்டுகளைப் பதித்துச் செய்த சுவர்ச்சித்திரத்தில் ஒரு கிளாவிகார்ட் இருக்கிறது. அதைப் பார்த்தே இன்று வாத்தியம் செய்யும் அளவுக்கு அது துல்லியமானது. ஆண்டு பொறித்து இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் மூத்தது வெனிஸில் தோமேனிக்கோ தா பெசாரோ 1543இல் செய்தது; அது இப்போது லைப்ஸிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய கிளாவிகார்டுகளில் கட்டைகளைவிடத் தந்திகள் குறைவு. ஒரே இணைத் தந்தியை அடுத்தடுத்த இரண்டு, மூன்று கட்டைகள் வெவ்வேறு இடங்களில் தொட்டு வெவ்வேறு ஸ்வரங்களைப் பெறும். இரண்டு தகடுகளுக்கு இடையே, ஒலிக்கும் நீளத்தில் சுமார் 6 விழுக்காடு குறைந்தால் அரை ஸ்வரம் ஏறும்; வீணையில் அடுத்த மெட்டுக்குப் போவதும் அதே கணக்குத்தான். ஜெர்மானியர் இந்த வகையைக் 'கட்டுண்டது' என்றும், ஒவ்வொரு கட்டைக்கும் தனித் தந்தி உடையதைக் 'கட்டற்றது' என்றும் சொன்னார்கள். கட்டுண்ட வகையில் ஒரு சிக்கல் உண்டு. சி என்ற ஸ்வரமும் அதற்கு அரை ஸ்வரம் மேலான சி ஷார்ப்பும் ஒரே தந்தியில் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒலிக்க முடியாது. மேல் ஸ்வரத்திலிருந்து கீழ் ஸ்வரத்துக்கு வரும்போது முதல் விரலை மிகச் சரியான கணத்தில் எடுக்காவிட்டால், கீழ் ஸ்வரத்துக்குப் பதில் மேல் ஸ்வரத்தின் முனகல்தான் கேட்கும். அந்தக் கணத்தைக் கற்றுக்கொண்ட விரல்களின் வாசிப்பில் ஒரு தனித் தெளிவு வந்துவிடுகிறது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் மயிரிழை வெளிச்சம் தெரியும். அவர் வீட்டு வாத்தியம் இந்த வகைதான். அன்ஸ்பாக் நகரில் கிறிஸ்டியான் காட்லோப் ஹுபெர்ட் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த வாத்தியங்களை அடியொற்றி, அவரே தம் கையால் செய்துகொண்டது. அதில் டி, ஏ என்ற இரண்டு ஸ்வரங்கள் மட்டும் தனித் தந்திகளைப் பெற்றிருக்கின்றன. மற்றவை கூட்டுக் குடித்தனம்.

அதற்கு அடுத்த வாரம் நான் செயின்ட் சிசிலியாஸ் ஹாலுக்குப் போனேன். எடின்பரோவின் பழைய நகரத்தில், கவ்கேட் தெருவை ஒட்டி இருக்கும் அந்த அரங்கம் இசைக்கென்றே கட்டப்பட்டவற்றில் ஸ்காட்லாந்திலேயே மிகப் பழையது, 1763இல் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பழைய வாத்தியங்கள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் ஹாம்பர்கின் யோஹான் அடோல்ஃப் ஹாஸ் செய்த ஒரு பெரிய கட்டற்ற கிளாவிகார்டும் உண்டு. அது செய்யப்பட்ட ஆண்டும் 1763. எங்கோ வட ஜெர்மனியில் ஒருவர் அந்த வாத்தியத்துக்குத் தந்தி கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அது பின்னாளில் வந்து சேரப்போகும் அரங்கத்துக்கு இங்கே கூரை போட்டு முடித்திருக்கிறார்கள். நான் அதன் முன்னால் வெகு நேரம் நின்றேன். ஐந்து ஸ்தாயி விரிவுடைய வாத்தியம். மந்தர ஸ்தாயியின் ஒவ்வோர் இணைத் தந்திக்கும் அருகே, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய மூன்றாவது தந்தி ஒன்றையும் ஹாஸ் கட்டியிருக்கிறார். தாழ்ந்த ஸ்வரங்கள் மங்கிப்போகாமல் அவற்றுக்கு ஒரு விளிம்பு கிடைப்பதற்காக அப்படிச் செய்தது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

ஹாஸ் குடும்பத்தின் ஊராகிய ஹாம்பர்கில்தான் இந்த வாத்தியத்தின் மிகப் பெரிய கலைஞர் தம் கடைசி இருபது ஆண்டுகளைக் கழித்தார். யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மகன்களில் பிழைத்து வளர்ந்தவர்களுள் இரண்டாமவர், கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாக். தந்தைக்கு எல்லாவற்றிலும் பிடித்த வாத்தியம் கிளாவிகார்டே என்று அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றை 1802இல் எழுதிய ஃபோர்கெல் சொல்கிறார். ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. மகனைப் பொறுத்தவரை அந்த ஐயமே இல்லை. பிரஷ்ய அரசர் ஃபிரெடரிக்கிடம் பெர்லினில் பணியாற்றிய காலத்தில், 1753இல் கட்டை வாத்திய வாசிப்பைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், ஒரு வாசிப்பாளரைச் சரியாக எடைபோடக்கூடிய வாத்தியம் கிளாவிகார்டுதான் என்று எழுதியிருக்கிறார். பேபுங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். நீண்ட, உருக்கமான ஒரு ஸ்வரத்தை, கட்டையின்மேல் கிடக்கும் விரல் தொட்டில் ஆட்டுவது போல ஆட்ட வேண்டும் என்கிறார். தொட்டில் ஆட்டும் கை தொட்டிலை விட்டு எடுபடுவதில்லை. முரட்டுத்தனமாகத் தள்ளுவதும் இல்லை. முறை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதே நூலில், கிளாவிகார்டு மட்டுமே வாசிப்பவர்களின் விரல்களுக்கு ஹார்ப்சிகார்டில் வலு போதாமல் போகும், ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றிப் பழக வேண்டும் என்றும் அவர் எச்சரிக்கிறார். தான் நேசிக்கும் வாத்தியத்தின் எல்லையையும் அறிந்து எழுதிய ஆசிரியர் அவர்.

1772 அக்டோபரில் சார்ல்ஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாளர் ஹாம்பர்கில் அவரைப் பார்க்க வந்தார். மாடியறையில் இருந்த தம் சில்பர்மன் கிளாவிகார்டில் பாக் வாசித்துக் காட்டினார். மெதுவான பகுதிகளில் நீண்ட ஸ்வரம் வரும்போதெல்லாம் அந்த வாத்தியத்திலிருந்து துயரமும் முறையீடும் கலந்த ஓர் அழுகுரலை அவர் எழுப்பினார் என்றும், அது கிளாவிகார்டில் மட்டுமே, ஒருவேளை அவரால் மட்டுமே முடியும் என்றும் பர்னி எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு மீண்டும் உட்கார்ந்தவர் இரவு ஏறத்தாழ பதினொரு மணிவரை வாசித்திருக்கிறார். கண்கள் நிலைகுத்தி, கீழுதடு தொங்கி, முகத்தில் வியர்வை துளிர்க்க, ஆவேசம் வந்தவர் போல இருந்தாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த அறையின் நிசப்தத்தைத்தான் நான் எண்ணிக்கொள்கிறேன். அழுகுரல் என்று பர்னி சொன்ன அந்த ஒலி, கதவுக்கு வெளியே நின்ற ஒருவருக்குக் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

அந்தச் சில்பர்மன் வாத்தியத்தைப் பாக் 1781இல் ஒரு மாணவருக்குக் கொடுத்துவிட்டார். ஆர்கன்கள் செய்வதில் புகழ்பெற்ற, ஃப்ரைபெர்கின் காட்ஃப்ரீட் சில்பர்மன் செய்தது. பாக்கிடம் பல்லாண்டுகள் இருந்தது. பெற்றுக்கொண்டவர் குரோத்துஸ் என்ற பிரபு. வாத்தியத்தோடு ஓர் இசைத்துண்டையும் பாக் எழுதி அனுப்பினார்: 'என் சில்பர்மன் கிளாவியரிடமிருந்து விடைபெறுதல்' என்று தலைப்பிட்ட, ஈ மைனரில் அமைந்த ரொண்டோ, அதாவது ஒரு பகுதி திரும்பத் திரும்ப வரும் இசைத்துண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தகப்பனின் குரல் அதில் எனக்குக் கேட்கிறது. பேபுங் குறிகள், அதாவது ஒரு வளைகோட்டின் கீழ் வரிசையாக இட்ட புள்ளிகள், அதன் நீண்ட ஸ்வரங்களின்மேல் நிற்கின்றன. பியானோவில் அந்தத் துண்டை வாசித்தால் ஸ்வரங்கள் எல்லாம் வரும், அந்தப் புள்ளிகள் மட்டும் வராது.

ஆர்கன் வாசிப்பவர்களுக்குக் கிளாவிகார்டு வீட்டுப் பாடசாலை. குளிர்காலத்தில் தேவாலயத்தின் உறைகுளிரில் உட்கார்ந்து பயிற்சி செய்ய முடியாது. ஆர்கனுக்குத் துருத்தி மிதிக்கக் கூலிக்கு ஆள் வேண்டும். வீட்டில் ஒரு கிளாவிகார்டு இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. காலால் வாசிக்கும் கட்டைகளுக்கும் தனி கிளாவிகார்டு செய்தார்கள். கெர்ஸ்டென்பெர்க் என்பவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த அத்தகைய ஒன்று லைப்ஸிக்கில் இருக்கிறது. பயணத்துக்கும் அது ஏற்றது. மோட்சார்ட்டின் தந்தை 1763இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றப் புறப்பட்டபோது ஆக்ஸ்பர்கில் ஷ்டைன் என்பவரிடம் ஒரு சிறு பயணக் கிளாவிகார்டு வாங்கினார். மோட்சார்ட்டுடைய இன்னொரு கிளாவிகார்டு சால்ஸ்பர்கில் அவர் பிறந்த வீட்டில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு மனைவி கான்ஸ்டன்ஸ் தம் கைப்பட எழுதிய ஒரு குறிப்பு அதனுடன் இருக்கிறது. மாயப் புல்லாங்குழல் நாடகத்தையும் இரங்கல் பலியிசையையும் வேறு இரண்டு படைப்புகளையும் ஐந்தே மாதங்களில் இதில்தான் தம் கணவர் எழுதினார் என்கிறது அந்தக் குறிப்பு. பேரரங்குகளை நிறைக்கப் போகும் இசை, பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்பாத ஒரு வாத்தியத்தில் பிறந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பணம் கொடுத்து வந்து கேட்கும் கூட்டம் பெருகியது; கூட்டத்துக்கு ஏற்ற ஒலி தேவைப்பட்டது; பியானோ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சுவீடனில் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிளாவிகார்டுகள் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. பிறகு ஒரு நீண்ட உறக்கம். 1894இல் லண்டனில் ஆர்னல்ட் டோல்மெட்ச் தம் முதல் கிளாவிகார்டைச் செய்த பின்தான் அது மீண்டும் கண் விழித்தது. 20ஆம் நூற்றாண்டில் ஹெர்பெர்ட் ஹவல்ஸ் அதற்கென்றே புதிய இசை எழுதினார். ரால்ஃப் கிர்க்பாட்ரிக் பாக்கின் நாற்பத்தெட்டு முன்னிசைகளையும் ஃபியூகுகளையும் அதில் பதிவு செய்தார். 1966இல் பீட்டில்ஸ் குழுவின் 'ஃபார் நோ ஒன்' பாடலில் பால் மெக்கார்ட்னி வாசிப்பதும் கிளாவிகார்டுதான். பாடலை அறிந்த பலருக்கு இது தெரிவதில்லை.

ஒலிப்பதிவில் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எமானுவேல் பாக்கின் படைப்புகளை மிக்லோஷ் ஷ்பான்யி நெடுங்காலம் உழைத்துப் பதிவு செய்திருக்கிறார், அங்கிருந்து தொடங்கலாம். இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, முதலில் ஒலியை முழுவதும் குறைத்துவிடுங்கள். பிறகு, கேட்பதற்கு நீங்கள் சற்று முன்னால் சாய வேண்டிய அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். அங்கேயே விட்டுவிடுங்கள். முதல் சில நிமிடங்கள் போதாதது போலத் தோன்றும். காது தானாக இறங்கி வரும். வந்த பிறகு, உரத்ததென்று தோன்றும் இடங்கள்கூட அதில் இருப்பது தெரியும்.

கடந்த மாதம் அவர் என்னை அழைத்து, இடப்பக்கத் துணிக்கீற்று நைந்துவிட்டது, மாற்ற உதவ முடியுமா என்று கேட்டார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. பழைய துணியை முழுவதும் உருவி எடுத்த பிறகு, புதியதைக் கோப்பதற்கு முன், ஒரு கட்டையை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினேன். தகட்டின் வலப்பக்கம் ஒரு ஸ்வரமும் இடப்பக்கம் அதனோடு சேராத வேறொரு ஸ்வரமும் சேர்ந்து ஒலித்தன. விரலை எடுத்தேன். நிற்கவில்லை, முழுத் தந்தியும் விடுபட்டு, அந்த வாத்தியத்தின் எந்தக் கட்டைக்கும் சொந்தமில்லாத ஒரு தாழ்ந்த ஸ்வரத்தில் முனகியது. அது அடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். சிவப்புக் கம்பளிக் கீற்றை நான் ஓர் இணைத் தந்திக்கு மேலாகவும் அடுத்த இணைக்குக் கீழாகவும் கோத்துக்கொண்டே போனேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசி மந்தர ஸ்தாயித் தந்தியைக் கடந்து முனையை மடித்துச் செருகியதும், அவர் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். விரல் எழுந்த இடத்திலெல்லாம் ஒலி உடனே நின்றது. ஓர் இடத்தில் மட்டும் சிறு இழை ஒன்று மிச்சமிருந்தது. அந்த இடத்துத் துணியை நகத்தால் கொஞ்சம் கீழே தள்ளச் சொன்னார்.